மூன்று பிழையான எண்

முந்தி இருந்தவர்கள் விட்டுப்போனது
தொட்டியும் ஒரு குராமியும்.
ஒன்றரை அடி நீளம். மூலையில் ஒட்டுப்போட்ட சிலிக்கன்.
ஒற்றை மீன் பாவம் என்று
பாமன்கடையில் மூன்று டைகர் பார்ப் வாங்கிவந்தவள் நான்.
"என்னைக் கேட்டியா?" என்றாள் யசோதினி.
அறை வாடகையில் பாதி அவளுடையது.
அன்றிலிருந்து நாங்கள்
சீனி முடிந்தால் மட்டும் கதைக்கிறோம்.

குராமிக்கு மார்பின் கீழ் இரண்டு நூல் உண்டு.
இருட்டில் செருப்புத் தேடும் கால்விரல் போல
தடவித் தடவித்தான் அது
கல்லை, இலையை, எதிரில் வருவதை அறியும்.
நாலாம் நாள் இடது நூல் பாதி.
ஆறாம் நாள் வலது, அடியோடு.
வரிச் சட்டை போட்ட பெடியள் மாதிரி மூன்றும்
பின்னால் போய்க் கடித்துவிட்டு
வேறு பக்கம் பார்த்து நிற்கும்.
குராமி பில்டருக்குப் பின்னால்,
சுவரைப் பார்த்தபடி.
வெள்ளவத்தைக் கடற்கரை லைனில்
ரயில் போகும்போது மட்டும்
தண்ணீர் நடுங்கும்,
நாலும் ஒரே திசைக்குத் திரும்பும்.

மருந்துக்கடையில் வேலை எனக்கு.
எதையும் நோய் என்றே எடுத்துக்கொள்ளும் மூளை.
பழைய பில்லின் பின்புறத்தில் எழுதினேன்:
இரவு 11.20. பார்ப் மூன்றும் தலைகீழ்.
வால் மேலே, மூக்கு கல்லில்.
டோர்ச் அடித்தேன். சிதறி ஓடின.
11.35. மறுபடியும் தலைகீழ்.
கட்டிலில் இருந்து, யாருக்கோ சொல்வதுபோல்:
"நித்திரை கொள்ளுதுகள். விடு."

மீன்கடை முபாரிஸும் அதையே சொன்னார்.
"தலைகீழா நிக்கிறது வருத்தமில்ல தங்கச்சி.
மூன்றுதான் வருத்தம்.
ஆறு, எட்டு என்றால் தங்களுக்குள்ளேயே கடிபடும்,
யார் பெரியவன் என்று. மற்றதுகளை மறந்துபோகும்.
மூன்றுக்கு அந்த வேலை காணாது."
"அப்ப இன்னும் மூன்று தாங்க."
"உங்கட தொட்டியில ஆறு போட்டா
தண்ணி காணாது."
ஊதி வைத்திருந்த பையின் காற்றைத் திறந்துவிட்டு
மடித்து வைத்தார்.

அன்றிரவு எட்டரைக்குக் கரண்ட் போனது.
பம்ப் நின்ற பிறகுதான் தெரிந்தது
இவ்வளவு நாளும் அறையில் ஓர் ஓசை இருந்தது.
ஒரு மணித்தியாலத்தில் மூன்று வாய்கள்
மேற்பரப்பில், திறந்து திறந்து.
குராமி ஆறுதலாக மேலே வந்தது.
ஒரு மிடறு காற்றை நேரே விழுங்கியது. இறங்கியது.
கெட்ட தண்ணீரிலும் பிழைத்த சாதி அது.
மூன்றையும் உரசிக்கொண்டு போனது.
ஒன்றும் கடிக்கவில்லை.

நான் தேத்தண்ணிக் கோப்பையால் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன்.
மொண்டேன், ஊற்றினேன்.
தோள் விட்டுப்போனது.
"தா," என்றாள்.
போனை என் கையில் வைத்து
கோப்பையை வாங்கினாள்.
தேத்தண்ணி ஆற்றிப் பழகிய கை.
என்னுடையதைவிட நீளமாக, நுரையோடு விழுந்தது தண்ணீர்.
பதினொன்றே கால் வரை மாறி மாறி.
மொத்தமாகக் கதைத்தது இவ்வளவு:
"நிலமெல்லாம் ஈரம்."
"விடியத் துடைப்பம்."

ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் திருப்பிக் கொடுத்தேன்.
முபாரிஸ் பெரிய தொட்டியில் கவிழ்த்தார்.
எங்களுடையவை எவை என்று
இரண்டாம் முறை பார்க்கத் தெரியவில்லை.
காசு பாதிதான் தந்தார்.
பாவித்த மீனாம்.

குராமி இன்னும் பில்டருக்குப் பின்னால்தான்.
எப்போதாவது வெளியே வந்து
இல்லாத நூலால் கல்லைத் தடவப் பார்க்கும்.
இடது பக்கம் அரை அரிசியளவு வளர்ந்திருக்கிறது,
நிறமில்லாமல்.
ரயில் போகிறது. அது மட்டும் தனியே திரும்புகிறது.

"சீனி முடிஞ்சுதோ?" என்கிறாள் யசோதினி
குசினியில் இருந்து.
போத்தலில் முக்கால்வாசி இருக்கிறது.
அவள் கையில்தான் போத்தலும்.