எட்டும் பச்சை

காலமை ஏழரைக்கு யோகரட்ணம் டொக்டர் எடுத்தார்.
"வதனி, எக்ஸ்ரே படம் பாதியிலை நிக்குது பிள்ளை.
முழங்கை வந்திட்டுது. மணிக்கட்டு வரேல்லை."

கொக்குவில், றெயில் கடவைக்கு இஞ்சாலை,
பெயின்ற் மணம் இன்னும் போகாத மூண்டு மாடி.
போன மாசியிலை அதுக்கு வயர் இழுத்தது நான்.
கதைக்க ஒண்டு, கணினிக்கு ஒண்டு, கமராவுக்கு ஒண்டு,
சுவருக்குள்ளை ஓடுற அவ்வளவும் என்ரை கை.
"எலி கடிச்சிருக்கும்" எண்டன்.
எங்கடை தொழிலிலை அதுதான் முதல் வசனம்.

ரெலிபோன் வயரிலை கவ்வியைக் கொழுவினன்.
காதுக்குள்ளை நுளம்பு மாதிரி ஒரு இரைச்சல்,
வரவேற்பு மேசை வரைக்கும் அறுபடாமல் வந்தது.
கமராவின்ரை கறுத்த வயர் அதைவிட லேசு:
நடுவிலை ஒரு செம்புக் கம்பி, சுத்திவர ஒரு பின்னல்,
ரெண்டும் முட்டக்கூடாது.
முட்டேல்லை.
வாசலிலை செருப்புக் கழட்டின ஆக்கள்
திரையிலையும் செருப்புக் கழட்டிச்சினம்.

பிறகு எக்ஸ்ரே அறை.
டிலக்சன் மேலை, ரெஸ்ரரின்ரை சின்னத் துண்டோடை.
நான் கீழை, மற்றத் துண்டோடை,
போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையிலை இறுக்கி.
"ஒண்டு."
"ஒண்டு அக்கா."
"ரெண்டு."
"ரெண்டு."
இடாப்புக் கூப்பிட உள்ளேன் சொல்லுற பிள்ளையள் மாதிரி
எட்டு வெளிச்சமும் வரிசை பிசகாமல் எழும்பி இருந்தது.
திரும்ப ஒருக்கா. பச்சை.

"வயரிலை பிழையில்லை டொக்டர்."
அவர் ஒண்டும் சொல்லாமல் திரையைக் காட்டினார்.
ஒரு முழங்கை. அதுக்குக் கீழை சாம்பல்.

மத்தியானம் கஸ்தூரியார் வீதிக்குப் போய்
பிறின்சன்ரை கடையிலை பெரிய ரெஸ்ரரை எடுத்தன்,
நாள் வாடகைக்கு, அடையாள அட்டையை வைச்சு.
அது வெளிச்சம் போடாது. கீறிக் காட்டும்.
நாப்பத்தொரு மீற்றர் எண்டது.
பிறகு, மூண்டும் ஆறும் சோடி இல்லை எண்டது.

வெள்ளைப்பச்சையையும் பச்சையையும்
மூண்டிலையும் நாலிலையும் பக்கத்திலை பக்கத்திலை விட்டிருக்கிறன்.
பாக்க வடிவு. பிழை.
அதுகள் மூண்டுக்கும் ஆறுக்கும் விலகவேணும்,
நடுவிலை நீலச் சோடி நிக்கவேணும்.
ஒண்டோடை ஒண்டு முறுகி வாறதுகள்
ஒரே சேதியைக் காவினால்தான் வெளி இரைச்சல் ஒட்டாது.
நான் பச்சையின்ரை பாதிக் கதையை நீலத்திட்டைக் குடுத்திருக்கிறன்.
நாப்பத்தொரு மீற்றரும்
பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டு
போயிருக்கு அந்தப் படம்.

சின்ன ரெஸ்ரர் பொய் சொல்லேல்லை.
இங்கை ஒண்டிலை போனது அங்கை ஒண்டிலை வந்ததோ?
வந்தது. அதுக்குக் கேக்கத் தெரிஞ்சது அவ்வளவுதான்.
ரெண்டு பக்கமும் ஒரே பிழையைச் செய்தால்
பச்சை எரியும்.

படியிலை இருந்தன்.
டிலக்சன் றோல்ஸ் வாங்கிவந்தான், நல்ல உறைப்பு.
அண்டைக்கு இரவு அவன் வேளைக்குப் போட்டான்.
ரெண்டு முனையையும் நெரிச்சது நான்.
அவனிலை போட ஏலாது. எலியிலையும் ஏலாது.

வெட்டினன். தோல் உரிச்சன். நகத்தாலை முறுக்குக் குலைச்சன்.
வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம்,
வெள்ளைநீலம், பச்சை,
வெள்ளைமண்ணிறம், மண்ணிறம்.
வாய்விட்டுத்தான் சொன்னன். தாதி ஒராள் திரும்பிப் பாத்தா.
மேலை ஏறி மற்ற முனையிலையும் சொன்னன்.

வாடகை ரெஸ்ரர் சரி எண்டது.
சின்னதையும் கொழுவினன், சும்மா.
எட்டும் பச்சை. காலமை எரிஞ்ச அதே பச்சை.

பில்லிலை "திருத்தம்" எண்டு எழுதி, வெட்டி,
"என்ரை பிழை, காசு இல்லை" எண்டு எழுதினன்.
டொக்டர் அதை வாசிக்கேல்லை.
திரையைப் பாத்துக்கொண்டு நிண்டார்.
முழங்கை, கீழை ரெண்டு எலும்பு,
பிறகு ஒரேயடியா மணிக்கட்டு,
அதிலை மயிரளவு ஒரு வெடிப்பு.

"ஆ, இருக்கு" எண்டார்,
சந்தோசப்பட்ட மாதிரி.
வாங்கிலை இருந்த பெடியன்
மற்றக் கையாலை மூக்கைத் துடைச்சான்.