மறுகீறல்

பழைய தழும்பின் மேலேயே மறுபடி கோடு.
ஐந்து வருடத்துக்கு முன் கீறியது யாரென்று
கோப்பில் இருக்கும், நான் பார்க்கவில்லை.
ஒரு பக்கம் சற்றே ஏறியிருக்கிறது;
என்னைப்போல் இடது கைக்காரராய் இருக்கலாம்.

"ஆரம்பிச்சாச்சா டாக்டர்?"
நீலத் திரைக்கு அந்தப்பக்கம் நஜ்முன்னிசா.
நான் கொழுப்பைத் தாண்டிவிட்டேன்.
"இப்பத்தான்."

கத்திக்கு இங்கே வேலை கொஞ்சம்.
தசையை வெட்டுவதில்லை;
நடுவே விரல் நுழைத்து விலக்குவது,
தோ பாயோ புளோக்கில்
மூடப்போகும் லிஃப்ட் கதவைப் பிடிப்பதுபோல.

சிறுநீர்ப்பை கருப்பையோடு ஒட்டிக் கிடக்கிறது.
கத்தரியின் நுனியால் கேட்டுக் கேட்டுப் பிரிக்கிறேன்.
டாக்டர் தே கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க
மிகவும் பாடுபடுகிறார்.

பிரித்ததும் யாரும் பேசவில்லை:
பழைய தையல் இருந்த இடத்தில்
வெங்காயத் தோல்.
அதற்குள் முடி அசைகிறது.
நேற்றிரவு வலி வந்திருந்தால்...
அந்த வாக்கியத்தை முடிக்காமல்
கீறுகிறேன்.

பெண். மூன்று கிலோ நூறு.
அழுகைக்கு நடுவே சுஹைலா துணிகளை எண்ணுகிறாள்,
ஒன்று குறைகிறது, மறுபடி எண்ணுகிறாள்,
என் முழங்கைக்கடியில் கிடக்கிறது.

இரண்டு அடுக்காகத் தைக்கிறேன்.
இனி ஒன்று வேண்டாமென்று
நாளைக்கு அவளிடம் சொல்லவேண்டும்.
இருந்தும் தையலின் நெருக்கத்தைத்
திறக்கப்போகும் ஒருவருக்காகவே
அளந்துகொண்டிருக்கிறது கை.