பிடித்தம்

இரவு ஏழரைக்குக் கேப் வரும்.
பெருங்குடியில் இறங்கும்போது
ஓஹையோவில் வெயில் ஏறியிருக்கும்,
யாருக்கோ முதுகு வலிக்கத் தொடங்கியிருக்கும்.

அந்த வலியை நம்பலாமா என்று பார்ப்பது
என் வேலை.

வரி பிடிப்பதற்கு முன்னால்
சம்பளத்திலிருந்து அவர்கள் எடுத்துவைக்கும்
மருத்துவப் பணம் அது.
அதில் கண்ணாடி போடலாம், பல் கட்டலாம்.
மசாஜ் என்றால் மட்டும்
டாக்டர் கடிதம் வேண்டும்:
இன்ன நோய், இத்தனை வாரம், இத்தனை முறை,
சுகத்துக்காக அல்ல.

அந்தக் கடைசி வரியைத் தேடியே
இரவெல்லாம் ஸ்க்ரோல் செய்கிறேன்.

டொலிடோவில் ஒரு பெண்மணி,
அறுபத்தெட்டு வயது.
'காரணம்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்:
அன்றைக்கு மட்டும் தூக்கம் வருகிறது.
கடிதம் இல்லை.
காரணக் குறி பதினேழு.
தள்ளுபடி.

அப்போது என் கழுத்து
இடப்பக்கம் திரும்பாமல் இரண்டாவது மாதம்.
டீம் லீடர் தணிகைவேல் கூப்பிட்டால்
நாற்காலியோடுதான் திரும்புவேன்.
"பெரிய மகாராணி" என்பான்.

கழுத்தில் பிடிப்பு.
சம்பளத்தில் பிடித்தம்.
இரண்டில் ஒன்றுக்குத்தான்
மாதக் கடைசியில் சீட்டு தருகிறார்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கரணை.
பேட்டரிக் கடைக்கு மேலே மாடி,
ஏறும்போதே ஆசிட் நெடி.
சகாயமேரி பதினோரு வருடம்
ஆஸ்பத்திரி பிசியோவில் இருந்தவள்.
இப்போது ஒரு கட்டில், ஒரு ஸ்கிரீன்,
துவைத்துத் துவைத்து மெலிந்த நாலு டவல்.
ஒரு தடவைக்கு அறுநூறு,
வரியெல்லாம் போக மிஞ்சியதிலிருந்து.

கட்டைவிரலை ஊன்றித்
தோள்பட்டை ஓரமாய் நடத்திக்கொண்டே போனாள்.
ஓரிடத்தில் நின்றாள்.
மார்ச் கடைசி வாரம் முழுக்க
அங்கேதான் இருந்தது.

"யாரு இப்டி முறுக்கி வச்சது?"
என்னிடமில்லை,
தசையிடம் கேட்டாள்.
நான் முகத்தைக் கட்டில் ஓட்டையில் புதைத்து
அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழுத்தும்போதெல்லாம்
செருப்பில்லாத அந்தப் பெருவிரலும்
தரையைக் கவ்வியது.

பிடித்துவிடுவது என்று சொல்கிறோமே,
முதலில் பிடிக்கிறாள்,
பிறகுதான் விடுகிறாள்.
நடுவில் ஒரு நொடி
உயிர் போய் வருகிறது.

எங்கள் கம்பெனியும்
'உடல்நலப் படி' என்று வருடம் ஆறாயிரம் தரும்,
வரியில்லாமல்,
பில் இருந்தால்.
சகாயமேரி கோடு போட்ட நோட்டில்
ஒரு தாளைக் கிழித்தாள்.
பேனாவை உதறிக்கொண்டே கேட்டாள்:
"நோவுன்னு போடவா, சுகம்னு போடவா?"

ஆயிரம் பேரிடம் நான் கேட்ட கேள்வி.
என்னை யாரும் கேட்டதில்லை.

"நோவுன்னே போடுங்க."

நோவு, 600.
கீழே ரப்பர் ஸ்டாம்ப்,
அதில் பழைய போன் நம்பரை அடித்து
புதியதை எழுதினாள்.

எச்.ஆரிலிருந்து பதில்
மிக மரியாதையாக வந்தது.
ஜி.எஸ்.டி. எண் இல்லை.
டாக்டர் சீட்டு இல்லை.
எங்கள் நலனில் அவர்களுக்கு அக்கறை உண்டு.

செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு
டொலிடோ மறுபடி வந்தது.
இந்த முறை கடிதத்தோடு.
தசை இறுக்கம், தூக்கமின்மை,
வாரம் ஒன்று, ஆறு மாதம்,
சுகத்துக்காக அல்ல.
எல்லாம் இருந்தது.

அதற்குக் கீழே
கட்டத்துக்கு வெளியே
நீலப் பேனாவில், கை நடுங்கிய எழுத்தில்
அவளாக ஒரு வரி:
அதற்காகவும்தான்.

விதிப்படி அது போதும்
பதினேழைப் போட.

தணிகைவேல் தூரத்தில் எதற்கோ சிரித்தான்.
நாற்காலியை அசைக்காமல்
திரும்பிப் பார்த்தேன், இடப்பக்கம்.
கழுத்து நன்றாகவே திரும்பியது.

அந்தப் பக்கம் பார்த்தபடியே
எண்டரைத் தட்டினேன்.