தகட்டில் வெட்டிய பெயர்

எழுபத்துநான்கில் கப்பலில் வந்து இறங்கினோம்.
இராமேசுவரத்தில் ஒரு மேசை, ஒரு குமாஸ்தா.
எங்கே போகிறீர்கள் என்று அவர் எங்களைக் கேட்கவில்லை,
காகிதத்தைக் கேட்டார்.
காகிதம் 'நீலகிரி' என்றது.
அப்பா அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு தரம் உருட்டிப் பார்த்தார்,
மாத்திரை மாதிரி.

பன்னிரண்டு வருடம் கோத்தகிரிப் பக்கம் லயத்தில்.
பிறகு கடற்படை.
படிவத்தில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம்.
பிறந்தது ஹட்டன். எழுதியது நீலகிரி.
கட்டம் சின்னது. அடங்கிவிட்டது.

எண்பத்தெட்டில் உத்தரவு வந்தது. தந்தி கொடுத்தேன்:
'நீலகிரிக்கு மாற்றல்.'
அம்மா சேவலை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு
கட்டபெட்டு பஸ் நிறுத்தத்தில் மூன்று சாயங்காலம் நின்றிருக்கிறாள்.
நான்காம் நாள் தபால்காரர் ஞானையா சொன்னாராம்:
"அக்கா, அது ஊர் இல்ல. கப்பல்."
"கப்பலுக்கு எதுக்கு நம்ம ஊர் பேரு?"
அதற்கு எந்த அதிகாரியும்
இன்றுவரை பதில் எழுதவில்லை.

அந்த வகைக் கப்பல்களுக்கெல்லாம் மலைப் பெயர்தான்.
ஹிம்கிரி, உதயகிரி, துனாகிரி, தாராகிரி, விந்தியகிரி:
அடிவாரம் இல்லாத மலைத்தொடர்.
கொதிகலன் அறையில் ஐம்பது டிகிரி.
பிவானிக்காரன் தரம்வீர் பனியனைப் பிழிந்துகொண்டே கேட்பான்:
"உங்க மலை இப்படித்தான் வேகுமா?"
கேத்தி உருளைத் தோட்டத்தில் உறைபனி விழுவதை
என் இந்தியில் நான் சொல்லி முடிப்பதற்குள்
அழுத்தமானியில் முள் ஏறிவிடும்.

தொண்ணூற்றாறில் கொடியை இறக்கினார்கள்.
மறு வருடம் அதை இலக்காக நிறுத்தி
ஏவுகணை விட்டுப் பார்த்தார்கள்.
இரும்பு அடியில் போய்விட்டது.
பெயர் மட்டும் நனையாமல் திரும்பி வந்தது.

கப்பல் பெயருக்குச் சாவு கிடையாது,
காத்திருப்போர் பட்டியல்தான்.
கட்டுகிற வரைக்கும் புதுக் கப்பலுக்கு வெறும் எண்.
ஒரு பெண்மணி வந்து தேங்காய் உடைத்துச் சொன்ன பிறகே
எண் பெயராகும்.
இருபத்தெட்டு வருடம் கழித்து டிவியில் பார்த்தேன்:
நீலகிரி.
கத்தி மூக்கு. எனக்குத் தெரிந்த ஆணி ஒன்றுகூட இல்லை.
கொதிகலனே கிடையாதாம். டீசலாம், காஸ் டர்பைனாம்.
அதாவது, அதில் எனக்கு வேலை இல்லை.

பேரன் என்பது பெயரன்தான் என்று
பள்ளியில் வாத்தியார் எழுதிப் போட்டார்.
எனக்கு இரண்டும் பேத்திகள்.
மருதமுத்து என்று எவளுக்கு வைக்க?
கப்பல் பாடு தேவலாம்.

இப்போது தேயிலை ஆலையில் இருக்கிறேன்.
கொதிகலன்தான், வேறென்ன.
கீழே மூட்டை கட்டும் இடத்தில் நசீமா
தகரத் தகட்டைச் சாக்கின்மேல் அழுத்தி
மை தோய்த்த பிரஷ்ஷால் அடிக்கிறாள்:
நீலகிரி. நீலகிரி. நீலகிரி.
நேற்று அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டை.
ஓட்டை வழியே மூடுபனி,
லாரி,
தார்ப்பாய் கட்டும் பையனின் முழங்கை.
"குடுங்கண்ணே, நாப்பது மூட்டை கெடக்கு."
கொடுத்தேன்.
உள்ளங்கை முழுக்க மை;
நடுவில் 'கி' மட்டும்
தோல் நிறத்தில்.