பை காத்தவள்

தெலுக் பகாங் வளைவில் பேருந்து திரும்பும்போதே
ராட்டினத்தின் உச்சி தெரியும்.
அதில் ஒரு விளக்கு எப்போதும் எரியாது.
எண்பத்தொன்பது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின்
ஆண்டுச் சுற்றுலா.

எல்லாரும் ஏறினார்கள். நான் பெஞ்சில்.
மடியில் கோகிலவாணியின் கைப்பை,
ரோஹானியின் மூக்குக்கண்ணாடி,
காலடியில் பதினொரு ஜோடிச் செருப்பு.
சூப்பர்வைசர் சூசை
கைக்குட்டையில் சுற்றித் தந்த பல்செட்டு.

'ஏறலையா?' என்றார் டிக்கெட்காரர்.
'தலை சுத்தும்' என்றேன்.
பொய்.
அத்தனை பேர் பொருளும் என் மடியில் கனத்தது
எனக்குப் பிடித்திருந்தது.
தலைக்கு மேலே அலறிக்கொண்டு போனார்கள்;
எந்த அலறல் யாருடையது என்று
நிமிராமலே சொல்வேன்.

போன சனிக்கிழமை மறுபடி போனேன்.
ராட்டினம் புதுசு. எல்லா விளக்கும் எரிகிறது.
ஆஸ்பத்திரியில் கட்டுவதுபோல்
மணிக்கட்டில் ஒரு பட்டை.
பெஞ்ச் இருந்த இடத்தில் லாக்கர்கள்,
மணிக்கு ஐந்து வெள்ளி.

காசைப் போட்டு என் பையை உள்ளே வைத்தேன்.
வெறுங்கையோடு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எவனோ ஒரு பொடியன், வாயெல்லாம் ஐஸ்கிரீம்,
'ஆன்ட்டி, கொஞ்சம் பிடிங்க' என்று
செருப்பைத் திணித்துவிட்டு ஓடினான்.
ஈரமாய், ஒற்றைச் செருப்பு.
மற்றதை எங்கே விட்டானோ.