பதினொன்று அறுபத்திரண்டு

போன மார்கழி வரை சறுக்கித்தான் எறிந்தேன்.
மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று
ஒரு சறுக்கு, ஒரு திரும்பல், ஓர் உறுமல்.
பதினொன்று அறுபத்திரண்டு.
கிருஷ்ணகிரி ஸ்டேடியத்தில்
அந்த இடத்தில் புல் முளைக்காது.
நான்கு வருடமாக அதே பள்ளம்.

பள்ளத்தைத் தாண்ட வேண்டுமென்றால்
சுழன்று எறிய வேண்டும்.
"அப்புறம் என்ன, சுத்து" என்றாள் ஷப்ரீன்.
அவள் ஈட்டிக்காரி.
அவளுக்கு உலகமே நேர்கோடு.

ஏழடி வட்டம், அதற்குள் ஒன்றரைச் சுற்று.
முதல் வாரம் குண்டில்லாமல் சுற்றினேன்.
விழுந்தேன்.
இரண்டாம் வாரம் குண்டோடு.
அது ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம்.
காலையில் நடக்க வரும் ஆபீஸ்காரர்கள்
வலது ஓரப் பாதையை
எனக்கே எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

எட்டு எழுபது. ஒன்பது பத்து.
ஃபவுல். ஃபவுல்.
எட்டு ஐம்பத்தைந்து.
பத்தாம் வகுப்பில்
ஒரு கையில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு
இதைவிடத் தூரம் எறிந்திருக்கிறேன்.

தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்த ஷப்ரீனின் போன்
எல்லாவற்றையும் மெதுவாகத் திருப்பிக் காட்டும்.
இடது கால் ஊன்றியபோது
வலது தோள் பின்னால்தான் இருந்தது
என்று அடித்துச் சொல்வேன்.
படத்தில் தோள் முன்னாலேயே போய்
காலுக்காகக் காத்து நிற்கும்,
பஸ் வருமுன்னே நடுரோட்டில் போய் நிற்பவளைப் போல.
உடம்பு என்னிடம் பொய் சொல்கிறது
என்பது இருபத்து நாலு வயதில் தெரிந்தது.
வேண்டுமென்று சொல்லவில்லை.
அதுக்கும் தெரியாது.

வைகாசியில் மாம்பழ சீசன்.
காவேரிப்பட்டணம் ரோட்டில் கூழ் ஃபேக்டரி, இரவு ஷிஃப்டு.
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் வலை.
பெங்களூரா லோடு லோடாக வந்து இறங்கும்.
வலப்பக்கம் க்ரேட்டை எடுத்து
இடப்பக்கம் பெல்ட்டில் கவிழ்க்க வேண்டும்.
இருபது கிலோ.
தரையெல்லாம் கூழ்.
அங்கே குதிகாலை ஊன்றித் திரும்பினால் தீர்ந்தது.
மங்கம்மா போன வருடம் அப்படித்தான்
மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.
அதனால் எல்லோரும்
முன்பாதத்தில் நின்று, முட்டியைத் தளர்த்தி,
கால் முதலில்,
இடுப்பு பிறகு,
க்ரேட் கடைசியில்,
வேண்டாத மருமகள் போல வரும்.

நூற்று எண்பதாவது க்ரேட் என்று நினைக்கிறேன்,
எண்ணிக்கை தப்பியிருக்கலாம்,
நின்றுவிட்டேன்.
பெல்ட் காலியாக ஓடியது.
"என்னம்மா, தூங்கறியா?" என்றார் சூப்பர்வைசர் குணாளன்.
இல்ல சார்.
தோள் பின்னாலேயே இருக்கு சார்
என்று அவரிடம் சொல்லவா முடியும்?

விடிகாலை ஐந்தே முக்கால்.
கோட்டை மலையில் வெளிச்சம் இன்னும் இறங்கவில்லை.
சாக்பீஸ் தூள் பூசியும் கை மாம்பழமாக மணக்கிறது.
குண்டைக் கழுத்தில் பதித்தால்
ஓர் ஈ கூடவே வந்து உட்காருகிறது.
வட்டத்துக்குள் சிமெண்ட்டைப் பார்த்து
நீ கூழ் என்றேன்.

சுற்றியது நினைவில்லை.
குண்டு போய்விட்டதே
விரல்நுனி சில்லென்று ஆனபோதுதான் தெரிந்தது.
பள்ளத்தில் விழுந்தால் தொப்பென்று கேட்கும்.
இது வேறு சத்தம்,
யாரும் அடித்திராத மண்ணின் சத்தம்.

ஷப்ரீன் டேப்பை இழுத்துக்கொண்டு
பள்ளத்தைத் தாண்டி நடந்தாள்.
இரண்டு பாதம் தள்ளிக் குனிந்தாள்.
பிறகு திரும்பி என் காலைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
பலகைக்கு அந்தப் பக்கம்
வலது பாதம், பெருவிரலோடு, பாதிக்கு மேல்.

படத்தை மூன்று தடவை ஓட்டினோம்.
ஈயைத் தவிர எல்லாம் தெரிந்தது.
தோள் பின்னாலேயே இருக்கிறது.

"அளக்கட்டுமா?"
வேண்டாம். ஃபவுல்னு எழுது.
தேதி போடு.
பக்கத்துல சின்னதா ஒரு கட்டம் வரை.
"கட்டமா?"
க்ரேட்டு.

ஏழரைக்கு பஸ்.
போய்த் தூங்க வேண்டும்.
அதற்குள் இன்னும் ஆறு எறியலாம்,
ஈ விட்டால்.