இருக்கியா

முதல் பாடத்தின் முதல் வரி:
எதையும் நம்பாதே.
என் பெயர் நம்புசெல்வி.
நம்புநாயகிக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை.
அந்த வரியைத் தாண்ட எனக்கு
இரண்டு ராத்திரி ஆயிற்று.

மண்டபத்தில்
நண்டுக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன்.
தடைக்காலம் முடிந்த வாரம்
ஒரு காலை கணினி முழுக்கச் சிவந்து
ஏழு வருடக் கணக்கைப் பூட்டிவிட்டு
சாவிக்கு விலை சொன்னது.
"பாக்கி பில், அவசரம்" என்று வந்த கடிதத்தைத்
திறந்த விரல் இது.
யார் என்று யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பத்து மணிக்கு மேல்
செல்போனில் பாடம் கேட்கத் தொடங்கினேன்.

இரண்டு கணினிகள் பேசுமுன்
இப்படிக் கேட்டுக்கொள்ளுமாம்:
இருக்கியா?
இருக்கேன், நான் பேசுறது கேக்குதா?
கேக்குது.
பிறகு பொட்டலம் பொட்டலமாய்ப் பேச்சு.
முதல் கேள்வியை மட்டும் லட்சம் தடவை கேட்டுவிட்டு
மூன்றாவது வார்த்தையைச் சொல்லாமல் போகிறவனும் உண்டு.
ஒவ்வொன்றுக்கும் இடம் போட்டு வைத்துக்
காத்திருந்து காத்திருந்தே
சர்வர் விழுந்துவிடும்.
இந்தப் பாடம் ஒரே தடவையில் ஏறியது.
வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த கரையில்
யாருக்குத்தான் ஏறாது.

கடவுச்சொல்லை அப்படியே வைக்காதே,
உப்புப் போட்டு அரைத்து வை
என்றது எட்டாம் பாடம்.
சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன்.
"வாலிநோக்கத்து உப்பா, தூத்துக்குடி உப்பா?"
லூர்துசகாயம் கேட்டதில்
கொட்டகையே சிரித்து ஓய்ந்தது.

ஒரு கணினிக்கு
அறுபத்தையாயிரத்துச் சொச்சம் துறைகள்.
தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மூக்கையூர் என்று
எனக்குத் தெரிந்ததெல்லாம்
இரண்டு கைக்குள் அடங்கும்.
எது திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கலாம்,
ஆனால் உடையவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு தட்டு என்றார்கள்.
ஐஸ் பில்லின் முதுகில் எழுதி நீட்டினேன்.
முதலாளி வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

தட்டினேன்.
ஒன்று மூடவில்லை.
பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்,
பெட்டியிலிருந்து பிரித்த நாளில் இருந்தபடியே.

உள்ளே எங்கள் கொட்டகை.
மேலிருந்து தெரிகிற நாற்பது தலைத்துணிகள்.
முனியாயி முந்தானையை உதறிக் கழுத்தைத் துடைக்கிறாள்.
லூர்து செருப்பைக் கழற்றி
ஒரு காலால் மறு காலைத் தேய்க்கிறாள்.
சித்தி ஆமினா கையுறையை உருவி
நகக்கண்ணை ஊதிக்கொள்கிறாள்.
மூலையில் சின்ன எழுத்தில்
பார்ப்பவர்கள்: 3.

ஒன்று நான்.

கேபிளைப் பிடுங்கிய பிறகுதான்
ஒழுங்கெல்லாம் நினைவுக்கு வந்தது:
தடயத்தை அழிக்காதே, நேரத்தைக் குறி.
பதினொரு மாதமாகத் திறந்திருந்த துறை.

கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன்.
அந்தச் சிவந்த காலையையும் சேர்த்தே சொன்னேன்.
நாற்பது கத்திகள் நின்றன.
குழாய்த் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.
லூர்து ஓர் அவித்த நண்டைப் புரட்டி
வயிற்று மடிப்பில் விரல் வைத்தாள்.
"முதுகு ஓட்டுல எவன் கை வைப்பான்?
இங்க ஒரு நகம் போதும்."
திறந்தாள்.
அதற்குமேல் என்னிடம் அன்று பேசவில்லை.
முனியாயிதான், தலை நிமிராமல்:
"இப்ப மூடிருச்சா?"

இரவில் பதிவுகளை வாசிக்கிறேன்.
மூன்று பத்துக்கு ஒரு தட்டல்.
மூன்று பதினொன்றுக்கு
பெயர் வாயில் நுழையாத ஊரிலிருந்து இன்னொன்று.
முடியாது என்றுகூடச் சொல்லாதே,
சொன்னால் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்பது
பன்னிரண்டாம் பாடம்.

இருக்கியா?

ஐஸ் மிஷின் உறுமி அடங்குகிறது.

இருக்கியா?

இருக்கிறேன்.
சொல்லமாட்டேன்.